நூறு டாலருக்கு வருதாம்!

2007-இல் அமெரிக்காவில் எச்டி சினிமாப் பைத்தியம் பிடித்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்திருந்தால், ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்து விழுந்திருக்கும்: “சீனாவிலிருந்து நூறு டாலர் ப்ளேயர் வருதாம்.” எந்த கம்பெனி, எந்தக் கடை, எந்த மாதம் என்று கேட்டால் பதில் இருக்காது. வருதாம். அவ்வளவுதான்.

டிவிடியைவிடத் தெளிவான எச்டி தரத்தில் படம் பார்க்க அப்போது இரண்டு டிஸ்க் வடிவங்கள் போட்டியிட்டன; ஒன்றின் ப்ளேயரில் மற்றது ஓடாது. அந்த எச்டி டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் இடையே நடந்த சண்டையை இப்போது யாரும் பெரிதாக நினைவில் வைத்திருப்பதில்லை. ப்ளூ-ரே ஜெயித்தது, எச்டி டிவிடி தோற்றது, அப்புறம் நெட்ஃப்ளிக்ஸ் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் நியூ ஜெர்சியில் இருந்தேன், கூட இருந்த நண்பர்கள் எல்லாம் டிவி வாங்கும் வெறியில் இருந்தார்கள், நானும் தினமும் இந்தச் செய்திகளைத்தான் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சண்டையில் இன்றுவரை சுவாரசியமாகத் தெரிவது தொழில்நுட்பம் இல்லை. விலை பற்றிய வதந்தி. மலிவு விலை ப்ளேயர் வரப்போகிறது என்ற பேச்சு எந்தப் பக்கத்தைக் காப்பாற்றும் என்று நம்பினார்களோ, அந்தப் பக்கத்தைத்தான் அது அரித்தது என்பது என் கட்சி.

முதலில் அந்த வதந்தி ஏன் நம்பும்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சாதாரண டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரே, எச்டி டிவிடி இரண்டுமே பயன்படுத்தியது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். அதாவது இரண்டுக்கும் ஒளி ஒன்றுதான். வித்தியாசம், டிஸ்க்கின் மேற்பரப்புக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் தகவல் எழுதப்பட்டிருக்கிறது என்பதில். டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர் ஆழம். தோஷிபாவும் என்ஈசியும் எச்டி டிவிடிக்கு அதே 0.6-ஐ வைத்துக்கொண்டார்கள். சோனி, பானசோனிக் கூட்டணி ப்ளூ-ரேயில் அதை வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆழம் குறைந்ததால் லேசரை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்க முடிந்தது. ஓர் அடுக்கில் 25 ஜிபி கொள்ளும். எச்டி டிவிடியில் 15 ஜிபிதான். ஆனால் 0.1 மில்லிமீட்டர் என்றால் லேசான கீறல்கூட ஆபத்து. ஆரம்ப கால ப்ளூ-ரே டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத்தான் விற்றார்கள். அப்புறம் டிடிகே கெட்டியான மேல்பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் கூடு போனது.

இந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் மலிவு என்ற கதை முழுக்க நின்றது. எச்டி டிவிடியை ஏற்கெனவே டிவிடி அச்சடிக்கும் இயந்திரங்களிலேயே கொஞ்சம் மாற்றம் செய்து அச்சடிக்கலாம். ப்ளூ-ரேக்குப் புது இயந்திரம் வேண்டும், புது முதலீடு வேண்டும். இது உண்மை. ஆனால் இந்த உண்மையிலிருந்து மக்கள் ஒரு தாவு தாவினார்கள்: டிஸ்க் மலிவு, ஆகவே ப்ளேயரும் மலிவு. அங்கேதான் சிக்கல். ப்ளேயரின் செலவைத் தீர்மானித்தவை நீல லேசர் டயோடும் உள்ளே இருக்கும் சிப்களும். நீல லேசர் டயோடு கிடைக்காமல் சோனியே ஐரோப்பாவில் ப்ளேஸ்டேஷன் 3 வெளியீட்டை 2007 மார்ச்சுக்குத் தள்ளிவைத்தது. டிஸ்க்கின் தடிமன் எப்படி இருந்தாலும் அந்த டயோடு தோஷிபாவுக்கும் வேண்டும்தானே.

2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபா இறக்கிய எச்டி-ஏ1 ப்ளேயரைத் திறந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒரு முழு கம்ப்யூட்டர். பென்டியம் 4 ப்ராசசர், 1 ஜிபி நினைவகம். ஆன் பண்ணினால் படம் தொடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். விலை 499 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்து எடைபோட்டபோது, உள்ளே இருக்கும் பாகங்களின் விலையே சுமார் 674 டாலர் என்று கணக்குச் சொன்னது. அதாவது ஒவ்வொரு ப்ளேயரோடும் தோஷிபா தன் பணத்தையும் வைத்துக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து சாம்சங் இறக்கிய முதல் ப்ளூ-ரே ப்ளேயர் ஆயிரம் டாலர். பாதி விலை! எச்டி டிவிடி மலிவு என்ற பெயர் அன்றைக்கு நிலைத்தது. அந்த மலிவு தோஷிபாவின் கையிலிருந்து வந்ததே தவிர, தொழில்நுட்பத்திலிருந்து வரவில்லை.

சரி, நூறு டாலர் என்ற எண் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1997-இல் டிவிடி அமெரிக்காவுக்கு வந்தபோது ப்ளேயர் வாங்க ஐநூறு, அறுநூறு டாலருக்கு மேல் வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஏபெக்ஸ் என்ற, அதுவரை யாரும் கேள்விப்படாத பெயரில், சீனாவில் செய்த ப்ளேயர் ஒன்று 180 டாலருக்குக் கடைக்கு வந்தது. அதில் ஒரு ரகசிய மெனு. அதற்குள் போனால், ஒரு நாட்டில் வாங்கிய டிஸ்க்கை இன்னொரு நாட்டு ப்ளேயரில் ஓடவிடாத மண்டலக் கட்டுப்பாட்டையே எடுத்துவிடலாம். இந்தியாவிலிருந்து டிவிடி கொண்டுவந்தவர்களுக்கு அது தெய்வம். அதற்குப் பிறகு சீனத் தொழிற்சாலைகள் விலையை இறக்கிக்கொண்டே போய், சில வருடத்தில் ஐம்பது டாலருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. ஜப்பானியக் கம்பெனிகளுக்கு டிவிடி ப்ளேயரில் லாபமே இல்லாமல் போனது. இதைக் கண்ணால் பார்த்த தலைமுறைக்கு, அடுத்த டிஸ்க்கிலும் அதே கதைதான் நடக்கும் என்று நம்ப ஆதாரமே தேவைப்படவில்லை.

அந்த நம்பிக்கையின் மேல்தான் 2007 ஏப்ரலில் பெரிய வெடி விழுந்தது. சீன மொழியில் வந்த ஒரு செய்தி: வால்மார்ட் சீனாவில் 20 லட்சம் எச்டி ப்ளேயர்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு 299 டாலர் விலையில் அடுக்கப் போகிறது. அது எச்டி டிவிடியா, ப்ளூ-ரேயா என்பதிலேயே முதலில் குழப்பம். இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுடையதுதான் என்று சொந்தம் கொண்டாடினார்கள். வால்மார்ட் பக்கமிருந்து ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனாலும் அந்த 20 லட்சம் என்ற எண் சாகவே இல்லை. வருடம் முழுக்க அது சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்டி டிவிடி பிறந்து, வளர்ந்து, இறந்த காலம் முழுவதும் உலகம் முழுக்க விற்ற மொத்தக் கருவிகள் சுமார் பத்து லட்சம்தான். வதந்தியில் வந்த ஒரே ஓர் ஆர்டர் அதைப்போல இரண்டு மடங்கு.

என் அறைத்தோழன் ஒருவன் திருநெல்வேலிக்காரன். புது 42 அங்குல டிவி வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற ப்ளேயர் வாங்காமல் வருடம் முழுக்க ஓட்டினான். கேட்டால், “நூறு டாலருக்கு வருதாம்லா, இப்பம் எதுக்கு ஐநூறு குடுக்க?” என்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் கணக்குச் சரிதான். சிக்கல் என்னவென்றால், அமெரிக்கா முழுக்க அதே கணக்கைப் போட்டுக்கொண்டு பல லட்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆடித் தள்ளுபடி வருகிறது என்று தெரிந்தால் ஆனியில் யார் ஜவுளிக்கடைக்குப் போவார்கள்? விலை இறங்கும் என்ற வதந்தி, இருக்கிற விலையில் வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பியது. வாங்கினால் எச்டி டிவிடிதான் வாங்குவேன் என்று முடிவோடு இருந்தவர்களைத்தான் அது முதலில் திருப்பியது. ஏனென்றால் அந்த வதந்தியை ஆசையாகப் பரப்பியவர்களும் அவர்களே.

இன்னொரு அடி இதைவிடப் பெரியது, ஆனால் அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை. ப்ளூ-ரே பக்கம் சோனி, பானசோனிக், சாம்சங், பயனீர், பிலிப்ஸ், ஷார்ப் என்று ஒரு படையே இருந்தது. எச்டி டிவிடி பக்கம் தோஷிபாவை விட்டால் நிஜமாகத் தயாரிப்பவர் அநேகமாக இல்லை. ஆர்சிஏ என்ற பெயரில் வந்ததும் உள்ளே தோஷிபாதான். ஏன் வேறு யாரும் வரவில்லை? ஒருவன் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருக்கும் சந்தையில் இன்னொருவன் எதற்காகக் கடை போடுவான்? தோஷிபாவுக்கு டிஸ்க் ஜெயித்தால் பின்னால் உரிமத் தொகை வரும். அந்தக் கனவில் இன்றைய நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்ற கம்பெனிக்கு ப்ளேயரில் கிடைக்கும் லாபம் மட்டும்தான். அது பூஜ்யத்துக்கும் கீழே. சீனத் தொழிற்சாலைகள் குவியப்போகின்றன என்று சொல்லிச் சொல்லி, வரக்கூடியவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் 2007 இலையுதிர் காலத்தில் வென்ச்சரர் என்ற பெயரில் ஒரே ஒரு சீனத் தயாரிப்பு 199 டாலருக்கு வந்தது. வருடம் முழுக்கப் பேசிய பெருவெள்ளத்தில் தரைக்கு வந்தது அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஸ்டுடியோக்கள். யுனிவர்சல் மட்டும் ஆரம்பத்திலிருந்தே எச்டி டிவிடிக்கு விசுவாசம். டிஸ்னி, ஃபாக்ஸ், சோனியின் சொந்த ஸ்டுடியோ எல்லாம் ப்ளூ-ரே. வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும் போட்டுக்கொண்டிருந்தன. 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் திடீரென்று எச்டி டிவிடி மட்டும் என்று அறிவித்தன. 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகள் கைமாறின என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தன் படம் ப்ளூ-ரேயில் வராது என்று தெரிந்ததும் இயக்குநர் மைக்கேல் பே பொதுவெளியில் குதித்தார், அப்புறம் அடங்கினார். எச்டி டிவிடி கூட்டம் அந்த மாதம் தீபாவளி கொண்டாடியது. வெளியில் சொன்ன காரணங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? ப்ளேயர் விலை குறைவு. வதந்தி அப்போதே வியாபார வாதமாகிவிட்டிருந்தது.

இப்போது நவம்பர் 2-க்கு வருவோம். வெள்ளிக்கிழமை. அன்று காலை வால்மார்ட் கடைகளில் தோஷிபா எச்டி-ஏ2 விலை 98 டாலர் 87 சென்ட். ஒரு வருடம் முன்பு 499-க்கு வந்த மாடல் அது. முந்தின நாளே எப்படியோ கசிந்து, பெஸ்ட் பை, சர்க்கியூட் சிட்டி போன்ற மின்னணுக் கடைகள் எல்லாம் நூறு டாலருக்கு இறங்கிப் போட்டி போட்டன. அந்த வாரக் கடைசியில் மட்டும் 90,000 ப்ளேயர் விற்றதாகச் சொன்னார்கள். அத்தனை மாதம் கேலி செய்யப்பட்ட வதந்தி ஒரே காலையில் நிஜமாகி நின்றது. நூறு டாலர்கூட இல்லை, நூற்றுக்கும் கீழே! சீனத் தொழிற்சாலை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. புது மாடல் எச்டி-ஏ3 வந்துவிட்டது, பழைய சரக்கைத் தள்ளினார்கள். என் நெல்லைக்காரன் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் போய் நின்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உலகக் கோப்பையே கையில் இருந்த மாதிரி.

அதே நவம்பர் 2 அன்றுதான் அமெரிக்கக் கடைகளுக்கு இன்னொரு பெட்டியும் வந்தது. 40 ஜிபி ப்ளேஸ்டேஷன் 3, விலை 399 டாலர். அன்று யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. எல்லார் கண்ணும் அந்த 98.87-இல் இருந்தது.

ஆனால் சண்டையைத் தீர்த்தது அந்த இரண்டாவது பெட்டிதான். ப்ளேஸ்டேஷன் 3 ஒரு விளையாட்டுக் கருவி. உள்ளே முழுமையான ப்ளூ-ரே ப்ளேயர் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது. 2006 நவம்பரில் வந்த 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். அதே ஐசப்ளை அதைப் பிரித்துப் பார்த்து, செலவு 840 டாலர் என்று மதிப்பிட்டது. நஷ்டத்துக்கு விற்பதில் சோனி தோஷிபாவைவிடப் பெரிய ஆள். ஆனால் யாரும் அதை மலிவு ப்ளேயர் என்று சொல்லவில்லை. வதந்தி பரப்பவும் இல்லை. விளையாட வாங்கினார்கள், படம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதே காலத்தில் சோனியின் தனி ப்ளூ-ரே ப்ளேயர் 499 டாலர். பானசோனிக்கும் சாம்சங்கும் தங்கள் ப்ளேயரை நல்ல விலைக்கு விற்றுக்கொண்டே இருக்க முடிந்தது. நஷ்டம் விளையாட்டுக் கணக்கில் போனது, ப்ளேயர் சந்தை கெடவில்லை. இந்த நுணுக்கத்தை அன்றைக்கு ஒழுங்காக எழுதியவர்களை நான் பார்க்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் எச்டி டிவிடியை வைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம். அவர்கள் 199 டாலருக்குத் தனியாக ஒரு டிரைவ் விற்றார்கள். தனியாக வாங்கச் சொன்னால் எத்தனை பேர் வாங்குவார்கள்?

நூறு டாலருக்கு வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியம். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எச்டி-ஏ2-இல் ஓடியதில் முக்கால்வாசி, எடிசன் ஓக் ட்ரீ ரோடு மளிகைக்கடையில் வாடகைக்கு எடுத்த தமிழ் டிவிடிகள். பழைய டிவிடியை 1080ஐ என்ற எச்டி அளவுக்கு அது அருமையாக உயர்த்திக் காட்டும். பாடல் காட்சிகள் புதுசாகத் தெரிந்தன. ப்ளேயரோடு தபாலில் ஐந்து எச்டி டிவிடி இலவசம் என்று ஒரு கூப்பன். அதை அனுப்பி வாங்கிக்கொண்டோம். அதற்குமேல் 28 டாலர், 30 டாலர் கொடுத்து டிஸ்க் வாங்கவில்லை. நூறு டாலருக்கு ப்ளேயர் வாங்கியவனுக்கு முப்பது டாலர் டிஸ்க் கொள்ளையாகத் தெரியும். ஆயிரம் டாலருக்கு வாங்கியவனுக்குத் தெரியாது. ஸ்டுடியோவுக்கு வேண்டியது இரண்டாவது ஆள். எத்தனை ப்ளேயர் விற்றது என்பது அவர்களுக்கு வெறும் எண், எத்தனை டிஸ்க் விற்றது என்பதுதான் பணம். அமெரிக்காவில் 2007 முழுக்க டிஸ்க் விற்பனையில் ப்ளூ-ரே ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்று முன்னே போனது. 90,000 பேர் ஒரே வாரக் கடைசியில் உள்ளே வந்த பிறகும் அந்த விகிதம் புரளவில்லை.

வார்னர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் ப்ளூ-ரே என்று இருபக்க டிஸ்க் செய்வதாகக்கூட அறிவித்த கம்பெனி அது, அதைக் கைவிட்டது. 2008 ஜனவரி 4 அன்று, லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சி தொடங்க இரண்டு மூன்று நாளே இருக்கையில், இனி ப்ளூ-ரே மட்டும் என்று சொல்லிவிட்டது. கண்காட்சியில் எச்டி டிவிடி அணி நடத்த இருந்த பத்திரிகையாளர் சந்திப்பு ரத்து.

அதற்கு தோஷிபா என்ன செய்தது? மறுபடி விலையைக் குறைத்தது. எச்டி-ஏ3 150 டாலர். பிப்ரவரி முதல் வாரத்தில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடுவே விளம்பரமும் போட்டார்கள். அதை டிவியில் பார்த்தபோது எங்கள் அறையில் ஒரு பெரிய சிரிப்பு. இனி விலையைக் குறைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள், தோஷிபா அடக்கத்துக்குப் பணம் திரட்டுகிறது என்றுதான் நினைப்பார்கள் என்று அவர்களுக்குப் புரியவே இல்லை. பிப்ரவரி 11 அன்று, அப்போது தபாலில் டிஸ்க் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸும் பெஸ்ட் பையும் பக்கம் மாறின. 15-ஆம் தேதி வால்மார்ட். நூறு டாலர் கனவை நிஜமாக்கிய அதே வால்மார்ட். 19-ஆம் தேதி தோஷிபா தலைவர் நிஷிடா டோக்கியோவில் எச்டி டிவிடியை நிறுத்துவதாக அறிவித்தார். முதல் ப்ளேயர் வெளியாகி இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

வதந்தி மட்டும் சாகவில்லை. அடுத்த வாரமே பக்கம் மாறி, “போட்டி முடிஞ்சது, இனி நூறு டாலர் ப்ளூ-ரே வரும்” என்று கிளம்பியது. போட்டி இல்லையென்றால் விலையை யார் குறைப்பான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. 2008 கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் 200 டாலருக்குக் கீழே ப்ளூ-ரே ப்ளேயர் சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்தது.

சீன ப்ளேயர் கடைசியில் வந்ததா என்றால், வந்தது. சீன நிறுவனங்கள் எச்டி டிவிடியின் அடிப்படையிலேயே சிபிஎச்டி என்று ஒரு சொந்த வடிவத்தை உருவாக்கி, 2009-இல் ப்ளேயரும் டிஸ்க்கும் விற்றன. டிவிடி காலத்தில் ஜப்பானிய, ஐரோப்பியக் கம்பெனிகளுக்குக் கட்டிய காப்புரிமைத் தொகையின் கசப்புதான் அதன் வேர். வார்னர்கூட அதில் படங்களை வெளியிட்டது. ஆனால் அது சீனாவை விட்டு வெளியே வரவில்லை, அங்கேயும் நிலைக்கவில்லை. எச்டி டிவிடியில் மண்டலக் கட்டுப்பாடு கிடையாது என்பது மட்டும் எனக்கு இன்றும் வருத்தம். ப்ளூ-ரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாம் சி. அமெரிக்காவில் வாங்கிய சில டிஸ்க்குகளை ஊருக்குக் கொண்டுவந்து போட்டால் ஓடாது. அந்த ஒரு விஷயத்தில் தோற்ற பக்கம்தான் நம் பக்கம்.

இப்போதும் எச்டி டிவிடி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய தோஷிபா ப்ளேயர்கள் இன்னும் பல இடங்களில் வேலை செய்கின்றன. பழுதாவது டிஸ்க்குகள்தான்; குறிப்பிட்ட சில ஸ்டுடியோக்கள் வெளியிட்டவற்றில் உள்ளடுக்கு கெட்டுப்போய், பாதிப் படத்தில் நின்றுவிடுகிறது. அதனால் மிச்சமிருப்பதைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைக்கிறார்கள். அந்த வேலைக்கு அவர்கள் தேடிப் போவது அன்றைக்கு யாரும் அதிகம் மதிக்காத அந்த எக்ஸ்பாக்ஸ் டிரைவை; யுஎஸ்பி கம்பி வழியாகவே அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிடலாம்.